மீத்தேனின் பூர்வீகம்: கார்பன் ஐசோடோப்பை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

சாண எரிவாயு அடுப்பில் எரிவது மீத்தேன். பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பல கோடி ஆண்டுகள் அடைந்து கிடந்துவிட்டு, துளை போட்டதும் சீறிக்கொண்டு மேலே வருவதும் பெரும்பாலும் மீத்தேன்தான். ஒரு கார்பன் அணு, அதோடு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். அவ்வளவுதான் அதன் உடம்பு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. எங்கே பிறந்த மீத்தேனாக இருந்தாலும் ஒரே மாதிரிதான் எரியும். சாதாரண வேதியியல் சோதனை "இது மீத்தேன்" என்று சொல்லிவிடும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

சில இடங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தே ஆக வேண்டும். ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் மீத்தேன் குமிழ் விடுகிறது என்றால், அது பக்கத்துச் சதுப்பு நிலத்திலிருந்து வருகிறதா, பழைய குப்பைமேட்டிலிருந்து வருகிறதா, அல்லது அருகே தோண்டிய எரிவாயுக் கிணற்றிலிருந்து கசிகிறதா? பதிலைப் பொறுத்துத்தான் யார் பொறுப்பு, எதை அடைக்க வேண்டும் என்பதெல்லாம். எண்ணெய் தேடுபவர்களுக்கும் இதே கேள்விதான். கடலடி மண்ணில் கொஞ்சம் மீத்தேன் கிடைத்தால், அது கீழே எண்ணெய் இருப்பதற்கான அறிகுறியா, அல்லது அந்த மண்ணிலேயே நுண்ணுயிர்கள் உண்டாக்கியதா?

விடை அந்தக் கார்பன் அணுவுக்குள் இருக்கிறது. எல்லாக் கார்பன் அணுவும் ஒரே எடை இல்லை. நூற்றில் கிட்டத்தட்ட 99 அணுக்கள் கார்பன்-12: ஆறு புரோட்டான், ஆறு நியூட்ரான். மீதி ஏறக்குறைய ஒன்று கார்பன்-13: ஒரு நியூட்ரான் கூடுதல். இரண்டும் கதிரியக்கம் இல்லாதவை, காலம் போனாலும் மாறாதவை. ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட எடை வேறுபாடுள்ள வடிவங்களைத்தான் ஐசோடோப்பு என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் சமதானி. மூன்றாவதாகக் கார்பன்-14 உண்டு. அது மிகச் சொற்பம், கதிரியக்கம் உள்ளது, 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துபோகும். தொல்லியலில் வயது பார்ப்பது அதை வைத்துத்தான். இங்கே நமக்கு முக்கியமானது கார்பன்-13.

மீத்தேனில் கார்பன்-13 எவ்வளவு கலந்திருக்கிறது என்பது அது எப்படி உண்டானது என்பதைப் பொறுத்து மாறும். மாற்றம் மிகவும் சிறியது. அதனால் சதவீதத்தில் சொன்னால் ஒன்றும் புரியாது. ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு, அதைவிட ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூட அல்லது குறைவு என்று சொல்வார்கள். இதற்குப் பெயர் டெல்டா மதிப்பு. அளவுகோலாக முதலில் வைத்துக்கொண்டது ஒரு கல்: அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் பீடீ என்ற பாறை அடுக்கில் கிடைத்த பெலம்னைட் என்னும் அழிந்துபோன கடல் உயிரின் புதைபடிவம். வேதியியலாளர் ஹாரல்ட் யூரியின் சிக்காகோ ஆய்வுக் குழு அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்தக் கல் பயன்படுத்தித் தீர்ந்துபோய்விட்டது. இப்போது வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை வேறு மாதிரிகளை வைத்து அதே அளவுகோலைக் காப்பாற்றி வருகிறது.

அந்தக் கல்லின் மதிப்பு பூஜ்யம். அதைவிடக் கார்பன்-13 குறைவாக இருந்தால் மைனஸ். எண்ணெய், எரிவாயு, செடிகொடி எல்லாமே மைனஸ் பக்கம்தான். மைனஸ் 60 என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். அளவுகோலில் பத்து லட்சம் கார்பன் அணுக்களை எடுத்தால் அதில் சுமார் 11,060 கார்பன்-13 இருக்கும். டெல்டா மைனஸ் 40 உள்ள மீத்தேனில் அது சுமார் 10,620. மைனஸ் 60 உள்ளதில் சுமார் 10,400. பத்து லட்சத்தில் இருநூற்றிச் சொச்சம் அணுக்கள்தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வழக்குகள் வாதாடப்படுகின்றன, கிணறுகள் மூடப்படுகின்றன. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

கார்பன்-13 குறைந்த வாயுவை 'இலேசானது' என்றும், கூடியதை 'கனமானது' என்றும் சொல்வது வழக்கம். மைனஸ் 70 இலேசு, மைனஸ் 35 கனம். மைனஸ் இருப்பதால் ஆரம்பத்தில் தலைகீழாகத் தோன்றும், பழகிவிடும்.

சரி, ஏன் இந்த வேறுபாடு? கார்பன்-12 ஈடுபட்ட வேதிப் பிணைப்பு, கார்பன்-13 ஈடுபட்டதைவிடக் கொஞ்சம் எளிதில் உடையும். அதனால் எந்த வினையிலும் இலேசான அணுக்கள் முந்திக்கொள்ளும். மீத்தேன் பிறக்கும் வழிகளில் இந்த முந்தல் எந்த அளவுக்கு நடக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

முதல் வழி நுண்ணுயிர்கள். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் ஆர்க்கியா வகை உயிர்கள் (பாக்டீரியா போன்ற ஒற்றைச் செல் உயிர்கள்) மீத்தேனை உண்டாக்குகின்றன. 1776-ல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெஸாண்ட்ரோ வோல்டா சேற்றைக் கிளறிப் பிடித்து எரித்துப் பார்த்த வாயு இதுதான். இந்த உயிர்கள் இலேசான கார்பனையே அதிகம் தெரிந்தெடுக்கின்றன. அதனால் அவை தரும் மீத்தேன் பொதுவாக மைனஸ் 50-க்குக் கீழே இருக்கும். கடலடி மண்ணில் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மீத்தேன் ஆக்கும் இனங்களிடம் மைனஸ் 100-ஐத் தாண்டிக்கூடப் போகும். நன்னீர்ச் சேற்றில் அசெட்டேட்டை (வினிகர் அமிலத்தின் உப்பு வடிவம்) உடைத்து ஆக்கும் இனங்களிடம் அவ்வளவு இலேசாக இருக்காது, மைனஸ் 50 முதல் 65 வரை. சேற்றுக் குட்டையில் குமிழ் விடும் சமாச்சாரம்தானே என்று இந்த வாயுவை ஒதுக்கிவிட முடியாது. கண்டறியப்பட்ட எரிவாயுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நுண்ணுயிர்கள் ஆக்கியது என்று 1981-லேயே மதிப்பிட்டிருக்கிறார்கள். இஸ்ரேலை ஒட்டிய மத்தியதரைக் கடலின் தமார், லெவியதான் என்ற பெரிய வயல்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

இரண்டாவது வழி வெப்பம். பழைய கடல் பாசியும் தாவர எச்சமும் படிவுகளோடு புதைந்து கீழே கீழே போகின்றன. ஆழம் கூடக் கூடச் சூடு ஏறுகிறது. 80 டிகிரி செல்சியசை ஒட்டிப் பெரும்பாலான நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் போகின்றன. அதற்கு மேல் வேலை செய்வது வெப்பம் மட்டுமே. அது பெரிய மூலக்கூறுகளை உடைத்து எண்ணெயாக்குகிறது, இன்னும் சூடானால் வாயுவாக்குகிறது. வெப்பம் அந்த உயிர்களைப் போல இலேசானதைத் தேடிப் பிடிப்பதில்லை. முந்தல் உண்டு, ஆனால் குறைவு. அதனால் இந்த மீத்தேன் சாதாரணமாக மைனஸ் 50-க்கும் மைனஸ் 25-க்கும் இடையில் வரும். பாறை அதிகம் வெந்திருக்க வெந்திருக்க, வாயு கனமாகும்.

மூன்றாவது வழி அபூர்வம்: உயிரோடு சம்பந்தமில்லாமல், பாறைக்கும் நீருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் இடையே நடக்கும் வினை. துருக்கியின் தென்கரையில் சிராலி என்ற ஊருக்கு மேலே யானர்தாஷ் என்ற மலைச்சரிவில், பாறை வெடிப்புகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சுடர்கள் எரிந்துகொண்டிருக்கின்றன. பழைய கிரேக்கர்கள் கிமேரா என்ற நெருப்புக் கக்கும் விலங்கோடு இதைச் சேர்த்துப் பேசினார்கள். அந்த வாயுவின் மீத்தேன் மைனஸ் 12 அளவில் இருக்கிறது, கூடவே ஹைட்ரஜனும் வருகிறது. இவ்வளவு கனமான மீத்தேனை நுண்ணுயிர் தராது. வெந்த பாறை மட்டும் தனியாகத் தருவதும் கடினம். சர்ப்பென்டைன் வகைப் பாறையில் (நீரோடு வினைபுரிந்து மாறிய பாறை) பிறந்ததும் வெப்பத்தில் பிறந்ததும் அங்கே கலந்து வருவதாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

இதை எப்படி அளக்கிறார்கள்? மாதிரி வாயு முதலில் கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவிக்குள் போகிறது. அது ஒரு நீண்ட மெல்லிய குழாய். ஹீலியம் தள்ளிக்கொண்டு போக, மீத்தேன் முதலில், ஈத்தேன் அடுத்து, புரோப்பேன் அதற்கும் பின்னால் என்று தனித்தனியாக வெளியே வரும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆயிரம் டிகிரிச் சூட்டில் முழுக்க எரிந்து கார்பன் டை ஆக்சைடாகும். அதை மின்னூட்டம் ஏற்றி, காந்தப்புலத்தின் வழியே வளைத்து விடுவார்கள். எடை குறைந்தவை அதிகம் வளையும், கூடியவை குறைவாக வளையும். 44, 45, 46 என்ற எடைகளுக்குத் தனித்தனிக் கிண்ணங்கள் காத்திருக்கும். 44 என்பது கார்பன்-12 உள்ள மூலக்கூறு, 45 பெரும்பாலும் கார்பன்-13 உள்ளது. 'பெரும்பாலும்' என்றதற்குக் காரணம் உண்டு: ஆக்சிஜன்-17 என்ற அரிய ஐசோடோப்பும் 45-ல் வந்து விழும். அதைக் கழித்துத் திருத்துவதற்குத்தான் 46-ஐயும் எண்ணுகிறார்கள். இந்த அளவீட்டில் பிழை ஆயிரத்துக்கு ஒன்றைவிடக் குறைவாகவே இருக்கும்.

கருவி இவ்வளவு துல்லியமாக இருந்தும், தவறு மாதிரி எடுக்கும் இடத்திலேயே நடந்துவிடலாம். மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்களும் உண்டு. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அப்படியே அலமாரியில் வைத்தால், அதில் இருக்கும் அந்த உயிர்கள் மீத்தேனைத் தின்ன ஆரம்பித்துவிடும். அவை தின்னும்போதும் இலேசானதுதான் முதலில் போகும். மிக்சர் தட்டில் ஒருவர் முந்திரியாகப் பொறுக்கித் தின்றுவிட்டுப் போனால் மிச்சத்தைப் பார்ப்பவருக்கு அந்தக் கடையில் முந்திரியே போடுவதில்லை என்றுதான் தோன்றும். பாட்டிலில் மிஞ்சிய மீத்தேனின் நிலைமையும் அதுதான். சேற்றில் பிறந்த மைனஸ் 65 வாயு, ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது மைனஸ் 45 ஆகி, ஆழத்திலிருந்து வந்த வாயு போல வேஷம் கட்டி நிற்கும். அதனால்தான் மாதிரி எடுத்த உடனே அமிலமோ வேறு கிருமிக்கொல்லியோ சேர்க்கிறார்கள், பாட்டிலில் காற்றுக்குமிழ் இல்லாமல் அடைக்கிறார்கள், குளிரில் வைக்கிறார்கள். ஒரு ஆய்வறிக்கையில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மாதிரியை எப்படிப் பாதுகாத்தார்கள் என்ற பத்தியைத் தேடிப் படிப்பது நல்லது. பாட்டிலில் நடப்பது நிலத்தடியிலும் நடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே கிருமிக்கொல்லி ஊற்ற யாரும் இல்லை.

கலப்பு இன்னொரு சிக்கல். மைனஸ் 70 வாயுவும் மைனஸ் 40 வாயுவும் பாதிப் பாதி கலந்தால் மைனஸ் 55. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் நன்னீர்ச் சேற்று வாயு என்றுதான் தோன்றும். ஆக, மீத்தேனின் டெல்டா மதிப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பூர்வீகம் சொல்வது சரியே இல்லை என்பது என் உறுதியான கருத்து. செய்திகளில் அப்படித்தான் சொல்லிவிடுகிறார்கள். துறையில் இருப்பவர்கள் அப்படிச் செய்வதில்லை, அதன் கூட்டாளிகளையும் சேர்த்தே விசாரிக்கிறார்கள்.

அந்தக் கூட்டாளிகளில் முக்கியமானவை ஈத்தேனும் புரோப்பேனும். நுண்ணுயிர்கள் ஈத்தேனை மிகச் சொற்பமாகவே தரும், மீத்தேனோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒன்றுகூட இருக்காது. வெப்பத்தில் பிறந்த வாயுவிலோ இவை தாராளமாக இருக்கும். நம் வீட்டுச் சிலிண்டருக்குள் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் அந்த வழியில் வந்தவைதான். எனவே மீத்தேன் அளவை ஈத்தேன், புரோப்பேன் கூட்டுத்தொகையால் வகுத்துப் பார்ப்பார்கள். ஆயிரத்துக்கு மேல் வந்தால் நுண்ணுயிர், நூறுக்குக் கீழே வந்தால் வெப்பம் என்பது முதல் கணிப்பு. இந்த விகிதத்தை ஒரு அச்சிலும் டெல்டா மதிப்பை இன்னொரு அச்சிலும் வைத்து வரையும் வரைபடத்துக்கு, 1970-களில் மெக்சிகோ வளைகுடா வாயுக்களை ஆராய்ந்த பெர்னார்டின் பெயர். இரண்டு வாயுக்கள் கலந்திருந்தால் புள்ளிகள் ஒரு வளைகோட்டில் போய் உட்காரும். மீத்தேன் தின்னப்பட்டிருந்தால் வேறு திசையில் நகரும். தனி எண்ணில் ஒளிந்திருந்தது இங்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது சாட்சி, ஈத்தேனுக்கும் புரோப்பேனுக்கும் தனித்தனியாக அளந்த டெல்டா மதிப்புகள். வெப்பத்தில் உடையும்போது மீத்தேன் மிகவும் இலேசு, ஈத்தேன் அதைவிடக் கனம், புரோப்பேன் இன்னும் கனம் என்று படிப்படியாக ஏறும். இது சாதாரண வரிசை. இது தலைகீழாக, அதாவது மீத்தேனைவிட ஈத்தேன் இலேசாக இருந்தால், ஏதோ வேறு விஷயம் நடந்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் கிட் கிரீக் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, மிகப் பழைய பாறைக்குள்ளிருந்து வந்த வாயுவில் இந்தத் தலைகீழ் வரிசையைப் பார்த்துத்தான் பார்பரா ஷெர்வுட் லோலரின் குழு, அது உயிர்ப்பொருளிலிருந்து வந்ததல்ல என்று 2002-ல் எழுதியது. சிறிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரியவையாகும்போது, இலேசானவை முந்திக்கொண்டு சேரும்; அதனால் பெரிய மூலக்கூறு இலேசாகும். ஆனால் தலைகீழ் என்றாலே உயிரில்லாத பிறப்பு என்று எழுதிவிடக் கூடாது. அளவுக்கு மீறி வெந்த ஷேல் என்ற களிமண் படிவுப் பாறைகளிலும் அதே தலைகீழ் வருகிறது. இது அடுத்து நாம் பார்க்கப்போகும் இடத்திலேயே முக்கியமாகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிமக் என்ற கிராமத்தில், 2009 ஜனவரி முதல் தேதி, ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணற்றில் வாயு சேர்ந்து வெடித்து மேலிருந்த சிமென்ட் மூடியைத் தூக்கி எறிந்தது. சுற்றுவட்டாரத்தில் மார்செலஸ் என்ற ஷேல் பாறையை ஆழத்தில் உடைத்து எரிவாயு எடுக்கும் வேலை அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. மக்கள் எரிவாயுக் கிணறுகளைக் குற்றம் சொன்னார்கள். தொழில் தரப்போ, இந்தப் பகுதித் தண்ணீரில் மீத்தேன் எப்போதுமே உண்டு என்றது. அதுவும் பொய்யில்லை, பக்கத்தில் சால்ட் ஸ்பிரிங்ஸ் பூங்காவில் மீத்தேன் தானாகவே குமிழ் விடும் ஊற்று இருக்கிறது.

டியூக் பல்கலைக்கழகக் குழு அந்தப் பகுதியிலும் அண்டையிலுள்ள நியூயார்க் மாநிலத்திலும் 60 தண்ணீர்க் கிணறுகளில் மீத்தேனை அளந்து 2011-ல் முடிவை வெளியிட்டது. 85 சதவீதக் கிணறுகளில் மீத்தேன் இருந்தது. ஆக, 'இருக்கிறதா' என்ற கேள்வி உதவவில்லை. எரிவாயுக் கிணறு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த இடங்களில் லிட்டருக்குச் சராசரியாக 19.2 மில்லிகிராம், அப்படி எதுவும் இல்லாத இடங்களில் 1.1. ஐசோடோப்பும் பிரிந்து நின்றது: கிணறுகள் உள்ள பகுதியில் சராசரி மைனஸ் 37, இல்லாத பகுதியில் மைனஸ் 54. முன்னது ஆழத்து வெப்ப வாயுவுக்குப் பொருந்தும். பின்னது நுண்ணுயிர் வாயுவும் கலந்ததற்குப் பொருந்தும்.

விவாதம் அதோடு முடியவில்லை, முடிந்திருக்கவும் கூடாது. எதிர்த்தவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. மார்செலசுக்கு மேலேயே வெப்பத்தில் பிறந்த வாயு உள்ள வேறு பாறை அடுக்குகள் இருக்கின்றன. அந்த வாயு, பள்ளத்தாக்கு ஓரங்களில் உள்ள வெடிப்புகள் வழியாகத் துளையிடல் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பிருந்தே மேலே வந்துகொண்டிருக்கலாம். இங்கேதான் ஈத்தேன் உதவியது. அந்தப் பகுதியின் மார்செலஸ் வாயு அதிகம் வெந்தது. மீத்தேனைவிட ஈத்தேன் இலேசாக, தலைகீழாக நிற்கும். மேலடுக்கு வாயுக்கள் பலவற்றில் சாதாரண வரிசைதான். எனவே எந்த அடுக்கு என்று ஓரளவு பிரிக்க முடிந்தது, சில கிணறுகளில் வந்தது மேலடுக்கு வாயு என்றும் தெரிந்தது. ஆனால் மேலடுக்கு வாயு என்பதாலேயே எரிவாயுக் கிணற்றுக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. துளை அந்த மேலடுக்குகளையும் கடந்துதானே கீழே போகிறது! குழாயைச் சுற்றிய சிமென்ட் சரியாகப் பிடிக்காவிட்டால், அந்த இடைவெளியே வாயு ஏறி வர வழியாகிவிடும்.

எங்கே பிறந்தது என்பதைக் கார்பன் சொன்னது. எந்த வழியில் வந்தது என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. அதற்குப் புவிவேதியியலாளர் தாமஸ் டாராவின் குழு ஹீலியம், நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களைச் சேர்த்துக்கொண்டது. இவற்றை நுண்ணுயிர் தின்னாது, இவை எந்த வினையிலும் ஈடுபடாது. வாயு பாறை வழியாக நீரோடு உரசிக்கொண்டு மெதுவாக ஏறி வந்தால் இவற்றின் விகிதம் மாறும். குழாய் வழியாக நேராக மேலே வந்தால் மாறாது. பென்சில்வேனியாவில் 113, டெக்சாசில் 20 கிணறுகளைப் பார்த்து 2014-ல் அவர்கள் வந்த முடிவு: கசிவு ஏற்பட்ட எட்டுக் கிணற்றுத் தொகுதிகளில், பாறையை உடைத்ததால் ஆழத்திலிருந்து வாயு கிளம்பி மேலே வந்ததாகத் தெரியவில்லை. நான்கில் சிமென்ட் குறை, மூன்றில் உறைக்குழாய்க் குறை, ஒன்றில் நிலத்தடியிலேயே கிணறு பழுதானது. அதாவது கட்டுமானக் கோளாறு, சரிசெய்யக்கூடியது. இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் காலத்தில் டிமக்கில் சில குடும்பங்கள் வெளியிலிருந்து வந்த தண்ணீரை நம்பி வாழ்ந்தார்கள்.

இத்தனை விவாதத்துக்கும் மூலகாரணம், துளையிடும் முன் அந்தக் கிணறுகளின் தண்ணீர் எப்படி இருந்தது என்ற அளவீடு பொதுவில் இல்லாததுதான். எந்த ஊரில் துளையிட வந்தாலும், முதல் இயந்திரம் இறங்குமுன் ஒவ்வொரு தண்ணீர்க் கிணற்றிலும் மீத்தேன் அளவு, ஈத்தேன் அளவு, இரண்டின் டெல்டா மதிப்புகள், முடிந்தால் ஹைட்ரஜன் ஐசோடோப்பும் ஒரு மந்த வாயு மாதிரியும் எடுத்து, ஊர்க்காரர் கையிலும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். ஒரு முறை மட்டும் எடுத்தால் போதாது. தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும்போது மீத்தேனும் ஏறி இறங்கும் என்பதால், மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று.